ஊற்றுநீருக்குச் சாட்சி யார்?



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் பெருமையைப் பேசி முடிப்பது ஒரு வழக்கம். அவர்கள் தொடங்கி வைத்த வேலைகளில் ஒன்றை எடுத்து, அது இன்று எங்கே நிற்கிறது என்று கணக்குப் பார்ப்பது இன்னொரு வழக்கம். இந்த மன்றம் இரண்டாவதையே விரும்பும் என்ற நம்பிக்கையில் தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

தண்ணீர் உரிமை நமக்குப் பழகிய பேச்சு. யார் கிணற்றில் யார் இறங்கலாம், யார் குடம் எந்தக் குழாயில் முட்டலாம் என்பதுதான் நூறாண்டுகளாக நம் போராட்டத்தின் கேள்வி. இன்று அதற்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியை வைக்கிறோம். நம்மிடம் வந்து சேர்ந்த தண்ணீர் குடிக்கத் தகுந்ததா? தகுந்தது என்றோ தகாதது என்றோ சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்வி பெரும்பாலும் பொறியாளர்களின் அறைக்குள்ளேயே இருந்துவருகிறது. அதை வெளியே எடுத்து வரலாற்றின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதற்கு ஊற்றைத்தான் எடுத்துக்கொள்கிறோம். மலையடிவாரத்துச் சுனையானாலும், காய்ந்த ஆற்று மணலில் தோண்டும் ஊற்றானாலும், கிணறு மறுக்கப்பட்டவர்கள் கடைசியாகப் போய் நின்ற இடம் அதுதான்.

இரண்டு அளவுகோல்கள்

இந்த நாட்டில் தண்ணீரின் தரத்தை அளக்க இரண்டு அளவுகோல்கள் இருந்துவருகின்றன. ஒன்று, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது. மற்றொன்று, தண்ணீரை யார் தொட்டார்கள் என்று பார்ப்பது. இரண்டாவதற்குத் தீட்டு என்று பெயர். மூக்குக்கும் நாக்குக்கும் கண்ணுக்கும் எட்டாத ஒன்றை, தொட்டவரின் பிறப்பை வைத்தே உறுதியாகச் சொல்லிவிடும் சோதனை அது. அதற்கு ஆய்வகம் வேண்டாம், சாட்சி வேண்டாம், மேல்முறையீடும் கிடையாது.

இந்த இரண்டு அளவுகோல்களும் நீதிமன்றத்தில் நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு, பொது ஊற்றின் அல்லது பொது நீர்த்தேக்கத்தின் தண்ணீரை வேண்டுமென்றே கெடுத்து, அது வழக்கமாகப் பயன்படும் வேலைக்குத் தகுதி குறைந்ததாக ஆக்குவதைக் குற்றமாக்கியது. மூன்று மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்துத் தண்டனை. காலரா காலத்தில் பொதுச் சுகாதாரத்துக்குப் பயன்படக்கூடிய பிரிவு அது. அதை நம்மீது திருப்பப் பார்த்தார்கள். பொது நீர்த்தொட்டியில் தண்ணீர் எடுத்ததற்காக, தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்டிருந்த சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இதே பிரிவின்கீழ் தண்டனை கொடுத்தார்கள். அவர் தொட்டதால் மற்றவர்களுக்கு அந்தத் தண்ணீர் கெட்டுவிட்டது என்பது வாதம். 1900இல் வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கெடுத்தல் என்பது தண்ணீரைப் பௌதிகமாக அசுத்தமாக்கும் செயலையே குறிக்கும், ஒரு சாதிக்காரர் தொட்டார் என்பது அதில் அடங்காது என்று நீதிமன்றம் சொன்னது.

அந்தத் தீர்ப்பைச் சட்டப் புத்தகங்கள் இரண்டு வரியில் கடந்து போகின்றன. நமக்கு அது பெரிய வரலாறு. தண்ணீரின் தரத்தைச் சொல்ல வேண்டியது தண்ணீர்தான், தொட்டவரின் சாதிச் சான்றிதழ் அல்ல என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்ட இடம் அது. எந்த நீர்நிலையும் அந்தத் தீர்ப்பால் நமக்குத் திறந்துவிடவில்லை என்பதும் உண்மை. குற்றம் இல்லை என்றானது. உரிமை உண்டு என்றாகவில்லை.

ஊற்று சுரந்த குளம்

அந்த உரிமைக்காகத்தான் 1927இல் மகாடுக்குப் போனார்கள். மகாடின் சவுதார் குளத்தை நாம் குளமாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். மழைநீரும் இயற்கை ஊற்றுகளும் சேர்ந்து நிரப்பும் நீர்நிலை அது. அண்ணல் அம்பேத்கரே அதை அப்படித்தான் விவரிக்கிறார். பூமிக்குள்ளிருந்து சுரந்து வரும் நீர் யாருடைய தீட்டையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கரைக்கு வந்த பிறகுதான் அதற்குச் சாதி வைக்கப்படுகிறது.

1923 ஆகஸ்ட் மாதம் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப் பணத்தில் கட்டிய, பராமரிக்கும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதவர்களும் பயன்படுத்தலாம் என்றது. மகாடு நகராட்சி 1924இல் அதை ஏற்றது. தாளில் ஏற்றதைத் தண்ணீரில் ஏற்கவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் மாநாட்டுக்கு வந்த மக்கள் ஊர்வலமாகச் சென்று அந்த நீரை அள்ளிக் குடித்தார்கள். திரும்பும் வழியில் தாக்கப்பட்டார்கள்.

அதன்பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். சாணமும் பசு மூத்திரமும் பாலும் தயிரும் கொண்ட 108 மண்பானைகள், மந்திர ஓதலோடு குளத்து நீரில் இறங்கின. குளம் மீண்டும் தூய்மையாகிவிட்டது என்று அறிவிக்கப்பட்டது.

இன்றைய ஆய்வகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. குடிநீரில் மலக்கலப்பு உண்டா என்று அறிய ஈ.கோலை என்ற நுண்ணுயிரைத் தேடுகிறார்கள். 1885இல் தியோடர் எஷெரிச் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டறிந்து விவரித்த உயிர் அது. மனிதக் குடலிலும் மாட்டின் குடலிலும் அது வாழ்கிறது. 100 மில்லி லிட்டர் குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 விதி. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு மகாடைப் பாருங்கள். நம் மக்கள் கையால் அள்ளிக் குடித்ததைவிட, சாணப் பானைகளை இறக்கியதுதான் ஆய்வகம் கவலைப்பட வேண்டிய செயல். தீட்டுச் சோதனையும் தண்ணீர்ச் சோதனையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான முடிவைச் சொல்லும் இடம் அது.

குளம் தனியாருக்குச் சொந்தம், தீண்டப்படாதவர்களை விலக்குவது நெடுங்கால வழக்கம் என்று 1927 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. ஒரு வாய்த் தண்ணீருக்குச் சட்டம் எடுத்துக்கொண்ட காலம் ஒன்பதாண்டுகளுக்கு மேல்.

சென்னை மாகாணத்தில்

நம் பக்கத்தில் இந்தக் கதை வேறு வடிவில் நடந்தது. இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், 1924 செப்டம்பர் 25ஆம் நாள் 2660ஆம் எண் அரசாணை வந்தது. பொதுச் சாலை, பொது அலுவலகம், பொதுக் கிணறு, பொதுக் குளம் எதையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்றது அது. மகாடு ஊர்வலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளுக்கு முந்தைய ஆணை என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் அதே காலத்தில் அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் தனிக் கிணறுகளை வெட்டிக்கொண்டிருந்தது. தாகத்துக்கு அது உடனடி உதவி, மறுக்க முடியாது. பொதுக் கிணற்றைத் திறப்பதைவிடத் தனிக் கிணறு வெட்டுவது அரசுக்குச் சுலபமாக இருந்தது என்பதும் உண்மை. ஊர்க் கிணறு ஊர்க் கிணறாகவே இருந்தது. சேரிக்குச் சேரிக் கிணறு வந்தது.

இங்கேதான் சமூகவியலும் நிலவியலும் ஒன்றாகின்றன. நம் கிராமங்கள் பலவற்றில் சேரி, ஊரின் வடிகால் பக்கம், தாழ்ந்த பக்கம் இருக்கிறது. மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. மண்ணுக்கடியில் ஆழமில்லாமல் ஓடும் நீரும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே வருகிறது. மேட்டில் உள்ள மாட்டுக்கொட்டகை, குப்பைமேடு, சாக்கடைக் குழி, உரம் போட்ட வயல் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு அந்த நீர் பள்ளத்து ஊற்றில் கண்திறக்கிறது. சேரித் தண்ணீர் கலங்கியிருந்தால் சேரிக்காரர்கள் சுத்தமில்லாதவர்கள் என்றார்கள். சுத்தமாக இருக்கக் கற்றுக்கொண்டு பிறகு உரிமை கேளுங்கள் என்று அறிவுரை சொன்ன சீர்திருத்தக்காரர்களும் உண்டு. அந்தக் கலங்கல் எங்கிருந்து வந்தது என்று சரிவைத் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. நீர்த் தர ஆய்வு நமக்குச் செய்யும் முதல் உதவி இதுதான்: பழியை மனிதர்மீதிருந்து எடுத்து, இடத்தின்மீதும் அந்த இடத்தை ஒதுக்கியவர்கள்மீதும் வைக்கிறது.

பெண்களின் சோதனை

ஆய்வகம் வருவதற்கு முன்பு நம் ஊற்றுகளுக்குச் சோதனையே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டும் பெண், முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்து வெளியே ஊற்றிவிடுவாள். தெளியும்வரை காத்திருப்பாள். பிறகுதான் கொட்டாங்கச்சியால் அடி கலங்காமல் மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்றுவாள். துணி துவைக்கும் ஊற்று வேறு, குடிக்கும் ஊற்று வேறு. ஆடுமாடு இறங்காமல் முள்ளை வெட்டிப் போடுவாள். பருப்பு வேகவில்லை என்றால் தண்ணீர் கடினம், சோப்பு நுரைக்கவில்லை என்றாலும் அதே. உப்பு, சப்பு, துவர்ப்பு, உவர் என்று நாக்குக்கு ஒரு அட்டவணை இருந்தது. கலங்கலைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசினார்கள்.

இந்த அறிவை நாம் கொண்டாடலாம், ஆனால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். காலராக் கிருமிக்குச் சுவை இல்லை. கண்ணாடி போலத் தெளிந்த சுனையிலும் அது இருக்கும். லண்டனில் ஜான் ஸ்னோ 1854இல் ஒரு தெருப் பம்பைச் சுட்டிக்காட்டியபோது, அதன் தண்ணீரை மக்கள் நல்ல தண்ணீர் என்றுதான் குடித்துக்கொண்டிருந்தார்கள். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு தண்ணீரின் தரம் நாக்கிலிருந்து நுண்ணோக்கிக்கு மாறியது. சென்னை கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் போன்றவை அந்த மாற்றத்தின் பிள்ளைகள்.

நுண்ணோக்கி சாதி கேட்பதில்லை. ஆனால் நுண்ணோக்கிக்குக் கால் கிடையாது. யாரோ ஒருவர் போத்தலைக் கொண்டுபோய், மொண்டு, கொண்டுவந்து கொடுக்க வேண்டும். போத்தல் எந்த ஊற்றுக்குப் போகிறது, எந்த ஊற்றுக்குப் போவதில்லை என்பதை முடிவு செய்வது அறிவியல் அல்ல. அங்கே சாதி மறுபடியும் உள்ளே வருகிறது. சோதிக்கப்படாத தண்ணீர் கெட்டது என்றும் நிரூபணமாகாது, நல்லது என்றும் நிரூபணமாகாது. அது பதிவேட்டில் இல்லாத தண்ணீர். அதைக் குடிப்பவர்களும் பதிவேட்டில் இல்லாதவர்கள்.

ஊற்றைப் படிப்பது எப்படி?

ஆகவே இதை நாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறோம். ஊற்றுநீரை மதிப்பிடும் வேலை போத்தலில் தொடங்குவதில்லை, ஊற்றைச் சுற்றி நடப்பதில் தொடங்குகிறது. ஊற்றுக்கண் எங்கே இருக்கிறது, அதற்கு மேலே சரிவில் என்னென்ன இருக்கின்றன? கழிப்பறைக் குழி, மாட்டுப்பட்டி, உரக்குவியல், பூச்சிமருந்து அடிக்கும் தோட்டம், சுடுகாடு ஒவ்வொன்றையும் அடி கணக்கில் அளந்து எழுத வேண்டும். கழிப்பறைக் குழி மேல்சரிவில் 30 மீட்டருக்குள் இருந்தால் சந்தேகப்படலாம். மழை பெய்த மறுநாள் ஊற்று கலங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கலங்கினால், மேற்பரப்பு நீர் வடிகட்டப்படாமல் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அந்த வழியில் மண் மட்டுமா வரும்?

அடுத்து, அளவு. பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி? 40 நொடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர், ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். கிராமப்புறத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் திட்டம் கணக்கு வைத்திருக்கிறது. இரவில் ஊறுவதைச் சேர்த்துவைக்கத் தொட்டி இருந்தால் அந்தச் சிறிய ஊற்று 390 பேருக்குப் போதும். இதைக் கோடையிலும் அளந்தால்தான் கணக்கு முழுமையாகும். ‘உங்கள் ஊற்று போதாது, லாரித் தண்ணீர் வரும்வரை காத்திருங்கள்’ என்று சொல்லும் அதிகாரிக்கு முன்னால் இந்தக் கணக்கை வைத்துப் பேசலாம்.

பிறகுதான் போத்தல். கிருமிச் சோதனைக்குக் கொதிநீரிலோ ஆவியிலோ கிருமி நீக்கிய போத்தல் வேண்டும். மாதிரியைக் குளிர்ச்சியாக வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பேருந்து வரும் மலைக் கிராமத்துக்கு இதுவே பெரிய தடை. அதற்கு ஒரு மாற்று நம் நாட்டிலேயே உருவானது. 1982இல் குவாலியரில் இருந்த பாதுகாப்புத் துறை ஆய்வகத்தினர் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். மருந்தில் நனைத்து உலர்த்திய தாள் உள்ள போத்தலில் தண்ணீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலக்கலப்போடு வரும் சில நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும், தண்ணீர் கறுத்துவிடும். ஓரிரு நாளில் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். இயற்கையாகவே கந்தகம் கலந்த நீரும் கறுக்கக்கூடும். கறுக்காத போத்தலும் முழு நற்சான்றிதழ் ஆகாது. எனவே கறுத்தால் அந்த நீரைக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கிவிட்டு, ஆய்வகச் சோதனையைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும்.

வேதிப்பொருள்களுக்கு வேறு கணக்கு. ஐ.எஸ். 10500 விதிப்படி நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாணக் குழியும் யூரியாவும் மேலே இருந்தால் கீழே நைட்ரேட் ஏறும். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. கரைந்த உப்புகளின் மொத்தம் 500க்குள், மாற்று இல்லாதபோது 2,000 வரை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லும் எலும்பும் கெட்டதற்குப் பாறைக்குள்ளிருந்து வந்த ஃபுளோரைடு காரணம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட்டும் ஃபுளோரைடும் போகாது. காய்ச்சக் காய்ச்ச நீர் வற்றி, அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்ற ஒரே அறிவுரையை எல்லாத் தண்ணீருக்கும் சொல்லும் சுகாதாரப் பிரச்சாரம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

ஊற்றைக் காப்பது பெரிய செலவும் அல்ல. ஊற்றுக்கண்ணைத் தோண்டிக் கல் அடுக்கி, மூடிய தொட்டிக்குள் அடைத்து, குழாய் வழியாக மட்டும் நீரை வெளியே எடுக்க வேண்டும். மேலே மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால், சுற்றிலும் வேலி. கையும் குடமும் வாளியும் ஊற்றுக்கண்ணைத் தொடாமல் இருந்தாலே பெரும்பகுதிக் கிருமி குறையும். இங்கே ஒரு வார்த்தை. எவர் கையும் ஊற்றுக்கண்ணைத் தொடக் கூடாது என்பது சுகாதாரம். ஒரு சாதியின் கை மட்டும் தொடக் கூடாது என்பது தீண்டாமை. இந்த இரண்டையும் குழப்பிப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறோம்.

மலையகத்தை இங்கே நினைத்துக்கொள்வது முறை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மாவட்டங்களிலிருந்து கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அங்கே லயங்களுக்குத் தண்ணீர் தந்தவை மலையூற்றுகள். பீலி வழியாக வரும் நீரில்தான் குடியும் குளியலும். பீலிக்கு மேலே தேயிலைச் சரிவு, அங்கே உரமும் பூச்சிமருந்தும். கிராமத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இருந்த உறவு கடல் தாண்டியும் அவர்களைத் தொடர்ந்தது. அங்கேயும் ஊற்றின் கீழே வாழ்கிறவருக்கு, ஊற்றின் மேலே என்ன தெளிக்கப்படுகிறது என்று கேட்கும் அதிகாரம் வேண்டும்.

சட்டத்தில் ஊற்று

இனிச் சட்டத்துக்குத் திரும்புவோம். அரசமைப்பின் 15ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவையும் அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுபவையாக அல்லது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டவையாக இருக்க வேண்டும். ஊற்று அந்தப் பட்டியலில் இல்லை. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், இன்றைய குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ஆற்றையும் ஓடையையும் ஊற்றையும் பட்டியலில் சேர்த்தது.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னொரு அடி வைத்தது. 1860இன் 277ஆம் பிரிவையும் வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)ஆம் பிரிவில் தண்ணீரைக் கெடுப்பது பற்றிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓர் உண்மை தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வாக்கியம். பழையதில் ‘பொது ஊற்று’ என்று இருந்தது. புதியதில் ‘பொது’ என்ற சொல் போய்விட்டது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் எந்த ஊற்றும், நீர்த்தேக்கமும், வேறெந்த நீராதாரமும் என்று வந்தது. பொது என்ற சொல்லுக்குள் நம் ஊற்று எந்நாளும் அடங்கியதில்லை. அதனால் அந்தச் சொல்லை நீக்கித்தான் நம்மை உள்ளே கொண்டுவர முடிந்தது. 1900இல் தண்ணீரைக் கெடுத்தவர் என்று குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், அதே வாக்கியத்தால் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் ஆனார்கள். தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை.

ஆனால் அந்த வாக்கியத்தின் கடைசிப் பகுதியும் அப்படியே தொடர்கிறது: அந்த நீர் அதன் வழக்கமான பயனுக்குத் தகுதி குறைந்ததாக ஆகியிருக்க வேண்டும். தகுதி குறைந்தது என்று நிறுவ, முன்பு என்ன தகுதியில் இருந்தது என்று தெரிய வேண்டாமா? போன ஆண்டு, போன மாதம் அந்த ஊற்று எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் என்ன ஏடு இருக்கிறது? மேல்சரிவில் ஒருவர் கழிவைத் திருப்பிவிட்டு, ‘அந்தத் தண்ணீர் எப்போதும் அப்படித்தான்’ என்று சொன்னால், மறுக்க நம் கையில் என்ன இருக்கிறது? சட்டம் கேட்கும் சாட்சியை முன்கூட்டியே உருவாக்கி வைப்பதுதான் நீர்த் தர ஆய்வு.

சாட்சி இல்லாதபோது என்ன ஆகும் என்பதை வேங்கைவயல் காட்டியது. அது ஊற்றல்ல, பட்டியல் சாதி மக்களுக்காகக் கட்டிய மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. கேள்வி ஒன்றுதான். புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தக் குடியிருப்பில் 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு உடல்நலம் கெட்டது. தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் மக்கள் தொட்டிமீது ஏறிப் பார்த்தார்கள், மலம் மிதந்தது. அந்தத் தண்ணீர் கெட்டதை முதலில் கண்டுபிடித்த ஆய்வகம் நம் பிள்ளைகளின் வயிறு. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, மரபணுச் சோதனைகள் நடந்தன, ஒரு நபர் ஆணையம் அமைந்தது. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்த மக்களும் தலித் இயக்கங்களும் அதை ஏற்க மறுத்தார்கள். தண்ணீரைக் குடித்தவர்களே தண்ணீரைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்கள்.

ஏடு

அரசின் விதிகளில் இன்று ஒரு வாசல் இருக்கிறது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டுதல்படி, குடிநீர் ஆதாரங்களை ஆண்டுக்கு ஒருமுறை வேதிப்பொருள்களுக்கும், மழைக்கு முன்னும் பின்னுமாக இருமுறை கிருமிகளுக்கும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும். அந்த ஐந்து பெண்களில் எத்தனை பேர் சேரியைச் சேர்ந்தவர்கள்? சோதித்த ஆதாரங்களின் பட்டியலில் நம் ஊற்று இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு கிராம சபையிலும் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதியவைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சோதனை நம்மை ஏய்க்கவும் பயன்படும். ‘குடிக்கத் தகாதது’ என்று ஊற்றுக்குச் சிவப்பு வண்ணம் அடித்துவிட்டு, மாற்றுத் தண்ணீர் தராமல் போய்விடலாம். எனவே முடிவோடு கடமையும் எழுதப்பட வேண்டும்: தகாதது என்றால் எந்தத் தேதிக்குள் எதைச் சரிசெய்வீர்கள், அதுவரை எங்கிருந்து தண்ணீர் தருவீர்கள்?

இந்த மன்றத்திடம் கேட்பது பெரிய காரியம் அல்ல. நம் நூல்களோடு நூலாக ஒரு நீர் ஏட்டையும் தொடங்குவோம். ஒவ்வோர் ஊற்றுக்கும் ஒரு பக்கம்: ஊரின் பெயர், ஊற்றின் பெயர், குடிப்பவர்கள் யார், மேல்சரிவில் இருப்பவை என்ன, வாளி நிரம்பும் நேரம், கோடைச் சோதனை, மழைக்குப் பிந்தைய சோதனை, யார் எடுத்தார்கள், யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆண்டுதோறும் இதே நினைவு நாளில் அந்த ஏட்டைப் படிப்போம்.

வரலாறு எழுதுவதை நாம் கதையும் கவிதையும் தன்வரலாறுமாகச் செய்துவந்திருக்கிறோம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவதும் வரலாறுதான். நம் பாட்டிமார் கொட்டாங்கச்சியால் மொண்ட தண்ணீரைப் பற்றி எந்த ஆவணக் காப்பகத்திலும் ஒரு வரி கிடையாது. நம் பேத்திமார் குடிக்கும் தண்ணீரைப் பற்றியாவது நம் கையெழுத்தில் ஒரு பக்கம் இருக்கட்டும்.

ஜெய் பீம்.